கடற்காற்றில் மூன்று வருடம்: கிராக் அம்பிளிபயரும் ஸ்பீட்போல் போர்டும்

பொட்டில்ஹெட் நிறுவனத்தின் கிராக் என்பது ஹெட்போனுக்கான வால்வு அம்பிளிபயர்; பாகங்களாக, கிட்டாக வரும். அதை நானே சோல்டர் பிடித்துப் பூட்டி, ஒரு வருடம் அப்படியே கேட்டேன். அதற்கென்றே அவர்கள் விற்கும் ஸ்பீட்போல் போர்டை 2021 கடைசியில்தான் சேர்த்தேன். இரண்டையும் ஒரே நாளில் பூட்டியிருந்தால் போர்ட் என்ன செய்தது என்றே எனக்குத் தெரிய வந்திராது. புதிதாக வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதலில் வெறும் கிட்டோடு சில மாதம் இருங்கள்.

கிராக்கில் வால்வுக்கும் ஹெட்போனுக்கும் இடையில் வைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் கிடையாது. ஒரு 12ஏயூ7 வால்வு சிக்னலைப் பெருக்கும். ஒரு 6080 வால்வு ஹெட்போனுக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கும். அசல் கிட்டில் இந்த இரண்டு வால்வுக்கும் சுமையாக இருப்பவை சாதாரண ரெசிஸ்டர்கள்: முன்னதற்கு 22 கிலோ ஓம் அளவில், பின்னதற்கு 3 கிலோ ஓம். இசை ஏறி இறங்கும்போது ரெசிஸ்டரில் ஓடும் கரண்டும் கூடவே ஏறி இறங்கும். பவர் சப்ளையின் இரைச்சலும் அந்த வழியால் கொஞ்சம் உள்ளே வரும். ஸ்பீட்போல் பூட்டும்போது அந்த ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு, ட்ரான்சிஸ்டர்களால் ஆன சுற்றுக்களை வைக்கிறோம். தன் வழியே போகும் கரண்டை அவை மாறவிடுவதில்லை. அதனால் வால்வுக்குச் சுமை இலேசாகிறது, திரிபு குறைகிறது.

பூட்ட இரண்டு பின்னேரம் எடுத்தது. பழைய ரெசிஸ்டர்களைக் கழற்றுவதுதான் கஷ்டம். டேர்மினலில் சுற்றிய கம்பியை ஈயத்தோடு இளக்கி எடுக்கப் பொறுமை வேண்டும். ஒரு காலத்தில் வால்வு றேடியோ திருத்திய என் மாமா பக்கத்தில் இருந்தார். "தம்பி, பிளக்கைக் கழட்டினாப் பிறகும் கப்பாசிற்றருக்குள்ள கரண்ட் நிக்கும். மீற்றர் பூச்சியம் காட்டுமட்டும் தொடாத. அளக்கேக்க மற்றக் கையைப் பொக்கற்றுக்குள்ள வை" என்றார். உள்ளே 170 வோல்டுக்கு மேல் நிற்கும் சுற்று இது. அவர் சொன்ன பழக்கத்தை இன்றுவரை நான் விடவில்லை.

வேலை முடிந்ததும் ஹெட்போனை மாட்டாமல் மீற்றர் வைத்துப் பார்த்தேன். 12ஏயூ7-இன் பிளேட்டில், அதாவது பெருக்கிய சிக்னல் வெளியே வரும் முனையில், 75 முதல் 90 வோல்ட் வரை இருக்க வேண்டும். வலது பக்கம் 82 காட்டியது. இடது பக்கம் சில வோல்ட் மட்டும். அன்று இரவு நித்திரை வரவில்லை. காலை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியபோது, போர்டில் ஒரு ட்ரான்சிஸ்டரின் காலைச் சுற்றி மெல்லிய வளைய வெடிப்புத் தெரிந்தது. ஈயம் காலில் பிடித்திருந்தது, போர்டில் பிடிக்கவில்லை. மறுபடி சூடாக்கி ஈயம் விட்டதும் 80 வந்தது. மீற்றர் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

சரி, சத்தம் எப்படி? என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650. நான் கேட்டுப் பழகியது தவில். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளில், கூடு போட்ட விரல்கள் வலந்தலையில், அதாவது தவிலின் வலது முகத்தில், விழும் ஓசை முன்பும் தெளிவாகத்தான் கேட்டது. குறை இருந்தது கழியால் அடிக்கும் இடது முகமான தொப்பியில். கழி விழுந்த பிறகு அந்தக் கனத்த ஓசை வீங்கி நின்று, அடுத்த அடியோடு கலந்துவிடும். பழைய பதிவு அப்படித்தான் என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன். போர்ட் பூட்டிய பிறகு தொப்பி அடிக்கிறது, நிற்கிறது. வேகமான இடங்களிலும் சொற்கட்டு ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கிறது. நாதஸ்வரத்தின் பின்னால் சுருதி பிடிக்கும் ஒத்து இழைவதும் இப்போது தனியாகத் தெரிகிறது. முன்பு சன்னமாக இருந்த இரைச்சல், இரவில் கடல் அடங்கிய நேரத்திலும் என் காதுக்கு எட்டுவதில்லை. வால்வுக்கே உரிய அந்த மென்மை போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை. வால்வு மாற்றிப் பார்க்க வைத்திருக்கும் காசை முதலில் இந்தப் போர்டில் போடுவதே மேல் என்பது என் முடிவு.

ஆனால் திருகோணமலையில் எந்த மின்சாதனத்துக்கும் உண்மையான சோதனை உப்புக்காற்று. எங்கள் வீட்டிலிருந்து டச்சுக்குடாக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். யன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு முறை பெயின்ற் கேட்கும். இரண்டாவது மாரி முடிந்தபோது ஒலியைக் கூட்டினால் கரகரவென்றது, இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்டது. போர்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பார்த்தால் வால்வு சொக்கெட்டிலும் வால்யூம் கொன்ட்ரோலிலும் உப்புப் படிந்து கறுத்திருந்தது. கொன்டாக்ட் கிளீனர் அடித்து, வால்வின் கால்களைத் துடைத்ததும் சரியாகிவிட்டது. இப்போது மாரிக்கு முன்பும் பின்பும் இதைச் செய்கிறேன். போர்டில் துரு, கறை எதுவும் இல்லை. பூட்டிய அன்றே சோல்டர் பிசினை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுத்தது உதவியிருக்கும்.

அடுத்தது சூடு. போர்ட் பூட்டியதால் சூடு குறையாது. ரெசிஸ்டரில் இருந்த சூடு இப்போது ட்ரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இளஞ்சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் வரும். மரப்பெட்டியின் அடியில் நுளம்பு வலை அடித்தேன். காற்றும் போகிறது, பல்லியும் வராது. ஹீட்சிங்கிலும் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றிவிடுவேன், திரும்பி வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் போடுவேன். கிட்டோடு வந்த 6080 தான் இன்னும் ஓடுகிறது.

32 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியீட்டில் அம்பிளிபயரே காட்டும் மின்தடை, 120 ஓம் அளவில் இருக்கிறது; ஹெட்போனின் ஓம் அதைவிடக் குறைவாக இருந்தால் பிடி தளரும். போர்ட் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. 300 ஓம் எச்டி 650-இல் நான் சொன்ன தொப்பியின் இறுக்கம், தம்பியின் 32 ஓம் ஹெட்போனில் போர்ட் பூட்டிய பிறகும் வரவில்லை.