டைகாஸ்ட்டா, பிளாஸ்டிக் கிட்டா?

கிளாசிக் கார் மாடல் ஒன்றை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி இது. நிறமும் சக்கரமும் மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக மாடல்), உருவத்திலேயே கைவைக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டிக் கிட் (பாகங்களை நாமே ஒட்டிச் சேர்ப்பது).

1:18 டைகாஸ்ட்டைக் (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு அளவு) கையில் எடுத்தாலே அந்தக் கனம் ஒரு சந்தோஷம். பெரும்பாலானவற்றில் கதவும் பானெட்டும் திறக்கும். ஆனால் பிரிப்பது பெரும்பாடு. அடியிலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, சிலவற்றில் ரிவெட்டை டிரில் போட்டு எடுத்து, கண்ணாடி, விளக்கு, பம்பர் என ஒன்றுவிடாமல் வெளியே வந்த பிறகுதான் பெயிண்ட் ரிமூவரைத் தொட வேண்டும். அவசரப்பட்டு ஒரு முன்கண்ணாடியை உருக்கியவன் சொல்கிறேன்.

1:24, 1:25 கிட்டில் பாகங்கள் தனித்தனியாகவே வருவதால் அந்தத் தலைவலி இல்லை. 1959 காடிலாக்கின் வால் இறக்கையைச் சீவ வேண்டுமா, கூரையைத் தாழ்த்த வேண்டுமா, மெல்லிய ரம்பமும் புட்டியும் போதும். துத்தநாகக் கலவை உலோகத்தில் அதே வேலைக்கு ஒரு நாளே போய்விடும். குரோம் பிடிக்கவில்லையா, பிளீச்சில் ஊறவைத்தால் கழன்றுவிடும். சரி, குறை? கதவுகள் பெரும்பாலும் திறக்காது, பசை பட்ட விரல் பாடியில் பதிந்தால் மறுபடி உப்புத்தாள்தான்.

பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் இரண்டுக்கும் வேண்டும். ஆனால் காட்டமான லாக்கர் பெயிண்டை வெறும் பிளாஸ்டிக் மேல் அடித்துவிடாதீர்கள், மேற்பரப்பு வெடித்துப்போகும்.