கிராம்பான் என்று விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்: டெல்லியிலிருந்து பனி ட்ரெக் கிளம்புகிறவர்களுக்கு

டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்ட் மலைகளுக்குக் கேதார்கந்தா, பிரம்மதால் என்று கிளம்பும் டெல்லித் தமிழர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நகரின் நடுவே ட்ரெக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் பனியில் வழுக்காமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் பல் சாதனம், ஆறு ஜோடி ‘கிராம்பான்’ என்று எங்கள் குழு வாங்கியது. ஜோடி 900 ரூபாய். பெட்டியில் ‘24 பல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கேதார்கந்தா உச்சிக்கு ஏறும் நாளில் விடிவதற்குள் நான்கு ஜோடி பல்லிளித்துவிட்டது. இரண்டில் ரப்பர் கிழிந்தது. ஒன்றில் சங்கிலி வளையம் வாயைத் திறந்தது. இன்னொன்று ஷூவை விட்டு உருண்டு பக்கவாட்டில் ஏறிக்கொண்டது. வழிகாட்டியின் பையில் மாற்று இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. திரும்பி வந்து கேட்டால், விற்றது விற்றதுதான் என்கிறார் கடைக்காரர்.

முதலில் பெயர்க் குழப்பம். கிராம்பான் என்பது இரண்டு மூன்று செ.மீ. நீளப் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம். வளையாத அடிப்பாகமுள்ள பூட்ஸில் வாரால் இறுக்கிக் கட்டுவது. செங்குத்தான பனிக்கட்டிச் சரிவுக்கும் பனியாற்றுக்கும் உரியது. கேதார்கந்தா மாதிரிப் பாதைக்கு வேண்டியது மைக்ரோஸ்பைக்: ஷூவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் சங்கிலி, அதில் சுமார் ஒரு செ.மீ. நீளப் பற்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. ரப்பர் வலையில் ஆணித்தலை மாதிரிச் சில மில்லிமீட்டர் குமிழ்களைப் பதித்தது. சமதளத் தெருவில் உறைந்த தண்ணீர்மேல் நடக்க அது போதும். மலைச் சரிவில் குமிழ் கழன்று விழும். மூன்றையுமே நம் ஊர்க் கடைகளில் ‘கிராம்பான்’ என்றுதான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். ஏமாற்று அங்கேயே தொடங்குகிறது.

24 பல் என்பது இரண்டு காலுக்கும் சேர்த்து. ஆகவே ஒரு காலுக்கு 12. அந்த 12 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்குக் கொடுத்ததில் எட்டு முன்பாதத்தில், நான்கே குதிகாலில், அதுவும் நட்டநடுவில். இறங்கும்போது முழு எடையும் குதிகாலில்தான் விழும். வழுக்குவதும் அப்போதுதான்.

காந்தத்தை வைத்துக் காட்டி, “ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ்” என்பார்கள். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலும் காந்தம் ஒட்டாதுதான். ஆனால் பல்லுக்கு வேண்டியது கடினத்தன்மை. சூடேற்றிக் கடினப்படுத்தும் ஸ்டெயின்லெஸ் வகையில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பார்க்க வேண்டியது சங்கிலியை. ஒவ்வொரு வளையத்தின் இணைப்பையும் விரலால் திருப்பிப் பாருங்கள். பற்றவைத்திருந்தால் அந்த இடத்தில் சின்ன முடிச்சு தட்டுப்படும். கம்பியை வளைத்து மட்டும் விட்டிருந்தால் மயிரிழை இடைவெளி தெரியும். பில் காகிதத்தின் ஓரத்தை அதில் செருகினால் உள்ளே போய்விடும். பாறை விளிம்பில் காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது அந்த வளையம்தான் திறந்துகொள்கிறது.

அடுத்து ரப்பர். சங்கிலி கோக்கும் ஓட்டையைச் சுற்றி ரப்பர் தடித்திருக்க வேண்டும், அல்லது உலோக வளையம் பதித்திருக்க வேண்டும். கிழிசல் எப்போதும் அங்கிருந்துதான் ஓடும். மட்டமான ரப்பர் குளிரில் விறைத்துப்போகும், இழுத்தால் நீளாமல் பிளக்கும். கடையில் இது தெரியாது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். ஒரு ராத்திரி அதில் போட்டுவைத்து, காலையில் எடுத்த கையோடு ஷூவில் மாட்டுங்கள். ஓட்டையோரம் வெளுத்துக் கோடு விழுந்தால் அது மலைக்கு ஆகாது. இதற்காகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வாங்கச் சொல்கிறோம். அன்றைக்கே காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் பிடிக்கப் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

அளவுக்கு, மலைக்குப் போட்டுப் போகும் ஷூவையே கடைக்குக் கொண்டுபோங்கள். வெறும் ‘8 நம்பர்’ என்று சொல்லி வாங்கியதால்தான் எங்கள் நான்காவது ஜோடி உருண்டது. முன்பக்கத்தைக் கால்விரல் முனையில் மாட்டி, பின்பட்டையைக் குதிகாலுக்கு மேலே இழுத்துவிட்டு, காலை நன்றாக உதறுங்கள். பட்டை நழுவக் கூடாது. அதற்காக விரல் நசுங்கும் அளவுக்கு இறுக்கமும் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும். கேதார்கந்தா ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்தில் வாடகைக்கு எடுப்பதாக இருந்தாலும் சங்கிலியையும் ஓட்டையையும் இப்படியே பார்த்து எடுங்கள்.

நல்ல மைக்ரோஸ்பைக்கும் எல்லா இடத்துக்கும் அல்ல. பலர் மிதித்து இறுகி, ராத்திரியில் கண்ணாடியாக உறைந்த பாதையில்தான் அது பிடிக்கும். முழங்கால் புதையும் புதுப் பனியில் பயனில்லை. மதியம் இளகிய ஈரப் பனி அடியில் உருண்டையாகத் திரண்டால் பல் தரையைத் தொடாது, அவ்வப்போது தட்டிவிடுங்கள். வெறும் பாறையில் கழற்றிவிடுங்கள், பல் மழுங்கும்.

பெட்டியின் பக்கங்களையும் படியுங்கள். பொட்டலச் சரக்கு விதிகள் 2011-ன்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் எதுவுமே இல்லை. நாங்களும் மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் கவனித்தோம்.

பில் வாங்காமல் வராதீர்கள். அதில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்று முத்திரை குத்தியிருந்தாலும் மலைக்காதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. கிழிந்த ஜோடிகளைப் பெட்டியோடும் பில்லோடும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.