ஸ்டேட்டஸா, ரீல்ஸா, மேப்பா?

எங்கள் குடும்பத்தில் இரண்டு வியாபாரம். மச்சான் விடியற்காலையில் சென்னை காசிமேட்டில் மீன் எடுத்து, சுத்தம் செய்து, ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளுக்குக் கொடுக்கிறார். அண்ணி பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) ப்ளவுஸ் தைக்கிறார். இரண்டுக்கும் போன் வேலை என் தலையில். எதில் விளம்பரம் போடலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சரக்கு எத்தனை நேரம் தாங்கும்?

மீனுக்கு வாட்ஸ்அப்தான். காலை ஆறு மணிக்கு வஞ்சிரம், சங்கரா, கடம்பா என்று விலையோடு படம் போட்டால் ஒன்பதுக்குள் பெட்டி காலி. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவது மீன்காரருக்கு ஒரு வசதி. நேற்றைய விலையைக் காட்டி யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனால் வாங்குபவர் எண் நம்மிடமும் நம் எண் அவரிடமும் பதிவாகி இருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ப்ராட்காஸ்ட்டிலும் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதுவும் நம் எண்ணை வைத்திருப்பவருக்குத்தான் போகும். அதனால் புது வீட்டில் பையைக் கொடுக்கும்போதே, “நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க அக்கா” என்று மச்சான் நின்று சேமிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். குரூப்பும் வைத்துப் பார்த்தோம். ஒரே மாதத்தில் குட்மார்னிங் படமும் சீட்டு விளம்பரமும் மீனை அமுக்கிவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் வரத்து குறைந்துவிடும். அப்போதும் கருவாடு படமாவது தினம் போடுகிறேன். இல்லாவிட்டால் மறந்துவிடுகிறார்கள்.

அண்ணியின் ப்ளவுஸ் கதை வேறு. அதை ஸ்டேட்டஸில் போட்டால் “சூப்பர்” என்று சொந்தக்காரர்களிடமிருந்து பதில் வரும், ஆர்டர் வராது. இன்ஸ்டாகிராமில் ஊசி ஏறி இறங்கும் ரீலை, ஊர் பேர் தெரியாத கல்யாணப் பெண்கள் பார்த்துச் சேமித்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூடக் கூப்பிடுகிறார்கள். இதற்கு ஆடி மாதம்தான் நல்ல நேரம். முகூர்த்தம் இல்லாததால் அண்ணிக்கும் கை ஓய்வு, ஆவணிக் கல்யாணக்காரர்கள் அப்போதுதான் தேடுகிறார்கள். தொல்லையும் உண்டு. “விலை என்ன?” என்று கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலைக்கூடப் பார்ப்பதில்லை.

காசு கட்டும் விளம்பரத்தில் நான் ஏமாந்தது என் தப்புதான். பூஸ்ட் பட்டனை அழுத்தி, இடம் கேட்டபோது தமிழ்நாடு முழுவதும் என்று விட்டுவிட்டேன். திருநெல்வேலியிலிருந்து லைக் வந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு போன்கூட இல்லை. 1,000 ரூபாய் விளம்பரத்துக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 போயிற்று. இப்போது மேப்பில் பின் குத்தி, சில கிலோமீட்டர் சுற்றளவு மட்டும் வைத்து, வாட்ஸ்அப் பட்டனோடு போடுகிறேன். ஃபேஸ்புக் பக்கமும் இருக்கிறது. அங்கே எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பலர் கவனிக்காதது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் கடையைக் காட்டும் பக்கம். இலவசம். மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோட்டில் புடவை எடுத்தவர் அடுத்துத் தேடுவது டெய்லரைத்தான். ரீல் பார்ப்பவர் பொழுதுபோக்குக்குப் பார்க்கிறார். இவர் கையில் துணியோடு நிற்கிறார். அதனால் போன் செய்கிற பத்தில் நான்கைந்து பேர் வந்தே விடுகிறார்கள். முதலில் பின்னை நான் தவறான இடத்தில் வைத்துவிட, பக்கத்துத் தெரு மாவு மில் வாசலில் போய் நின்று எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். மில்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் முறைக்கிறார். அப்புறம் ரிவ்யூ. தாமதமாகக் கொடுத்ததற்கு வந்த ஒரு நட்சத்திரத்தை அழிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டே ஒருவர் வந்தார்.

சரி, இப்போது மச்சான் மீன் வெட்டுவதை ரீல் எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார். எடுத்துத் தருவேன். திருச்சியிலிருந்து இரண்டு கிலோ வஞ்சிரம் கேட்டு மெசேஜ் வந்தால் பதில் அவரே எழுதட்டும்.