புது மீன்தொட்டியை சைக்கிள் செய்ய, அதாவது மீன் கழிவை மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்க்க, எது தேவலை: மீனா, அம்மோனியாவா, பழைய ஸ்பாஞ்சா?

டர்பன் பக்கம் புதுசாகத் தொட்டி வாங்கினால் முதலில் காதில் விழுவது, "ரெண்டு கப்பி மீனை விடு, தண்ணீர் தானாகப் பழகிடும்" என்பதுதான். பழகும், பொய் இல்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கும். இவை ஃபில்டரில் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை கப்பிகளின் செவுள் எரியும், நாமும் சோதித்துச் சோதித்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். எனக்குப் பிடிக்காத வழி.

மீனே இல்லாமல் பாட்டில் அம்மோனியா ஊற்றுவதற்கும் கிட்டத்தட்ட அதே காலம் ஆகும், ஆனால் எந்த உயிரும் வதைபடாது. 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி ஊற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தயார். கடையில் பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள், நுரை கட்டி நின்றால் சோப்பு கலந்தது, வேண்டாம். பாக்டீரியா செய்யும் இந்த வேலை தண்ணீரின் காரத்தன்மையையும் தின்னும்; மென்னீரில் பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கினால் எல்லாம் மந்தமாகிவிடும், அப்போது சமையல் சோடா ஒரு சிட்டிகை உதவும்.

ஏற்கெனவே பாக்டீரியா குடியேறிய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சுக்குத்தான் என் ஓட்டு. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் நண்பர் தொட்டியிலிருந்து எடுத்து, அதே தண்ணீரில் நனைந்தபடி இன்னொரு பகுதியான சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து ஃபில்டரில் வைத்தால் வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கும். குழாயடியில் கழுவிடாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா? சிலது வேலை செய்யும், வெயிலில் வேகும் அலமாரியிலிருந்து வந்தது எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அப்புறம் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு. முன்புபோல இல்லைதான், ஆனாலும் மின்சாரம் போனால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பாடுபட்டு வளர்த்த பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். பேட்டரி ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு அந்தக் கவலை இல்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாக்காரர்கள் ஜூன் குளிரில் தொடங்கினால் ஹீட்டர் கட்டாயம், குளிர்ந்த நீரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும்.

ஸ்பாஞ்ச் வந்தாலும் நேராக மீன் விடாமல் அந்த 2 பிபிஎம் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். கொடுப்பவர் சமீபத்தில் புதுமீன் விட்டாரா என்றும் கேளுங்கள், வெள்ளைப்புள்ளி நோய் ஸ்பாஞ்சோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும்.