காவடிப் பட்டியலும் ஓப்பன்பைஎக்செலும்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை, அதனால் ஜனவரி வந்தாலே எங்களுக்குப் பட்டியல் வேலைதான். ரோஸ் ஹில்லில் பால்குடம், காவடி எடுப்பவர்களின் பெயர்களை ஆளுக்கொரு எக்செல் கோப்பில் அனுப்புவார்கள், இந்த முறை எல்லாவற்றையும் ஒன்றாக்க, பைத்தான் நிரல்மொழியில் எக்செல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஓப்பன்பைஎக்செல் லைப்ரரியை எடுத்தேன்.

முன்னால் பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூல்தான், அது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகளுக்கானது. தமிழ்ப் பெயர்கள் எக்செலில் குப்பையாகத் தெரியும், என்கோடிங்கை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறையை, யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றினால் சரியாகிவிடும், அப்புறம் பார்த்தால் பிரெஞ்சு அமைப்பில் இருக்கும் எக்செல் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும், எங்கள் ஆட்களில் பலரின் கணினி அப்படித்தான். ஓப்பன்பைஎக்செலில் அந்தத் தலைவலி இல்லை. நாற்பது வரி ஸ்கிரிப்டில் வேலை முடிந்தது.

ஆனால் இது ஃபார்முலாவைக் கணக்கிடாது. மொத்தத் தொகைக் கட்டத்தைப் படித்தால் ஃபார்முலாவே எழுத்தாக வரும். டேட்டா ஒன்லி என்று கொடுத்துத் திறந்தால் எக்செல் கடைசியாகச் சேமித்த விடை வரும், ஸ்கிரிப்டே உருவாக்கி எக்செலில் ஒருமுறைகூடத் திறக்காத கோப்பென்றால் வெறும் 'நன்' (None), அதாவது ஒன்றுமில்லை. அரை நாள் போச்சு, விளக்கத்தைப் படிக்காமல் இறங்கியது என் தப்புதான். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளையும் தொடாது. பெரியப்பா அனுப்புவதெல்லாம் அதுதான், நானே உட்கார்ந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றினேன்.

இலவசம். பெரிய கோப்புகளுக்கு ரீட் ஒன்லி முறையும் உண்டு, எங்கள் கோயில் பட்டியலுக்கு அது தேவைப்படவில்லை.