குண்டா, தட்டா, ஈயக்கயிறா?

ஒன்ராறியோ ஏரியில் சால்மன் தேடிப் படகோட்டப் போகிறவர் முதலில் போலி இரைகளைத்தான் வாங்கிக் குவிப்பார். பச்சை ஸ்பூன் (கரண்டிபோன்ற உலோக இரை), நீல ஸ்பூன், இருட்டில் ஒளிர்வது என்று பெட்டி நிறைந்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரையின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த இரையை எந்த ஆழத்தில் இழுக்கிறோம் என்பதே முதல் கேள்வி. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: டவுன்ரிக்கர், டிப்சி டைவர், லெட்கோர்.

ஆகஸ்டில் மேல்நீர் 20 பாகையைத் தாண்டிவிடும். சினூக் சால்மனுக்கு ஒத்துப்போவது 10 முதல் 12 பாகை. அந்தக் குளிர் இன்றைக்கு 80 அடியில் கிடக்கும், நாளைக்கு 30 அடியில் நிற்கும். காரணம் காற்று. கச்சான், அதாவது மேற்குக் காற்று, இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், வடகரையின் சூட்டுநீர் நடு ஏரிப் பக்கம் விலகிப்போக, அடியிலிருந்த குளிர்நீர் ரொறன்ரோக் கரையோரம் மேலேறி வரும். மீனும் கூடவே வரும். ஆகவே, ஆழத்தை எது சரியாகச் சொல்கிறது, எது சட்டென்று மாற்ற விடுகிறது என்பதை வைத்தே இந்த மூன்றையும் எடைபோடுகிறேன்.

டவுன்ரிக்கர் என்பது படகின் பின்பக்கம் பூட்டும் சிறிய கப்பி. கம்பிக் கயிற்றில் 10 அல்லது 12 இறாத்தல் குண்டு தொங்கும். தூண்டில் கயிற்றை ஒரு கவ்வியில் மாட்டிக் குண்டோடு இறக்குவோம். மீன் அடித்ததும் கவ்வி விட்டுவிடும். பிறகு உங்களுக்கும் மீனுக்கும் நடுவே எந்தப் பாரமும் இல்லை. கப்பியில் எண்காட்டி இருக்கிறது, மீனைக் காட்டும் சோனார் திரையிலும் குண்டு கோடாகத் தெரியும். 60 அடியில் மீன் தெரிந்தால் இரையை 55 அடியில் வைக்கலாம். சால்மன் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் பாயும், அதனால் சற்று மேலே வைப்பது நல்லது. ஆனால் எண்காட்டி முழு உண்மை பேசுவதில்லை. மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் கம்பி பின்னோக்கிச் சரியும், எண் 80 என்றாலும் குண்டு அதைவிட மேலேதான் இருக்கும். குண்டைக் கனமாக்கினால் சரிவு குறையும்.

குறைகளும் உண்டு. மின்சாரத்தில் ஓடுவது விலை கூடியது. கையால் சுற்றுவது மலிவு, ஆனால் 100 அடியிலிருந்து பத்துத் தடவை குண்டைத் தூக்கினால் மறுநாள் தோள் சொல்லும். சிறிய ட்ரவுட் மீன் கவ்வியை விடுவிக்க வலுவில்லாமல் தொங்கிக்கொண்டே வரும், அரை மணி நேரம் அதை இழுத்துத் திரிவது தெரியவே தெரியாது. தரை மேடிடும் இடத்தில் கவனம் பிசகினால் குண்டு ஏரிக்குத்தான். என்னுடைய ஒன்று அங்கேதான் கிடக்கிறது.

டிப்சி டைவர் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு. கயிற்றுக்கும் இரைக்கும் நடுவே கட்டுவோம். இழுபடும்போது நீரைக் கிழித்துக் கீழே போகும். அடியிலுள்ள வட்டைத் திருப்பினால் இடமோ வலமோ விலகியும் ஓடும். படகின் நிழலுக்கு வெளியே இரை போவது இதன் பெரிய பலம். விலையோ ஒரு நல்ல ஸ்பூன் இரண்டு வாங்குவதற்குச் சற்றுக் கூட. ஆழம் மட்டும் கணக்குப் போட்டு அறிய வேண்டியது: வட்டு 1ஆம் எண்ணில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு அடி கயிற்றுக்கு ஓரடி ஆழம், 3இல் இருந்தால் அதைவிடக் குறைவு. கயிற்றின் பருமன், வேகம் எல்லாம் இதை மாற்றும். சினூக் இதில் அடிக்கிற அடியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். தடி தாங்கியிலிருந்து தண்ணீர் வரை வளைந்துவிடும். மலிவான தாங்கியில் இதைப் பூட்டவே பூட்டாதீர்கள்.

ஒரு தொல்லையைச் சொல்லாமல் விட முடியாது. 1998இல் இந்த ஏரியில் முதன்முதல் கண்ட தூண்டில்முள் நீர்த்தெள்ளு, கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் நீரோடு வந்த சிற்றுயிர். கோடையில் கயிற்றில் பஞ்சுபோல அப்பிக்கொண்டு தடி நுனி வளையத்தை அடைத்துவிடும். மெல்லிய பின்னல் நூலில் மிக மோசம், தடித்த தங்கூசியில் குறைவு. டைவருக்குக் கம்பிக் கயிறு போடுகிறவர்கள் இந்தத் தொல்லையிலும் பாதி தப்புகிறார்கள்.

லெட்கோர் என்பது பின்னல் உறைக்குள் ஈயக் கம்பி வைத்த கயிறு. ஒவ்வொரு பத்து யாருக்கும் நிறம் மாறும். ஆட்கள் ஆழத்தையே நிறத்தில்தான் சொல்வார்கள், “ஐந்து நிறம் விட்டேன்” என்று. ஒரு நிறத்துக்குச் சுமார் ஐந்தடி, பத்து நிறத்துக்கு ஏறக்குறைய ஐம்பதடி. படகு மெதுவானால் தாழும், விரைந்தால் ஏறும், திரும்பினால் உள்பக்கக் கயிறு அமிழ்ந்து வெளிப்பக்கம் உயரும். இந்த ஏற்ற இறக்கமே சில நாள் மீனைத் தூண்டுகிறது. வசந்தத்தில் கரையோரம் பிரவுன் ட்ரவுட் தேடுகையில் சத்தமில்லாமல் வெகு பின்னால் வரும் மூன்று நிறக் கயிற்றை அடிக்க வேறொன்றில்லை. ஆகஸ்டில் 90 அடிக்கு இது எட்டாது. நூறு யார் சுற்றி எடுத்து, கடைசியில் களைத்தவர் நீங்களா மீனா என்று தெரியாது.

ஆளுக்கு இரண்டு தூண்டில் படகிலிருந்து விட இங்கே அனுமதி உண்டு. இருவர் போகும் பதினாறடிப் படகுக்கு நான் வாங்கச் சொல்வது: கையால் சுற்றும் டவுன்ரிக்கர் ஒன்று, டைவர் இரண்டு. குளிர்நீர் எங்கே என்று டவுன்ரிக்கர் கண்டு சொல்லட்டும். அது எந்த ஆழத்தில் அடி வாங்குகிறதோ, அதற்கு ஏற்றபடி டைவர்களின் கயிற்றை விடுங்கள். இரண்டாவது டவுன்ரிக்கருக்குக் காசு சேரும்போது, அதை லெட்கோருக்குச் செலவழிக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். ஏப்ரலிலும் ஏரிக்குப் போகிறவர் என்றால் கேளுங்கள், ஆகஸ்ட் மட்டும் என்றால் டவுன்ரிக்கரையே வாங்குங்கள்.