ஆசாரிப்பள்ளமா, ஐகிரவுண்டா?

நீட் ரேங்க் பட்டியல் வந்ததும் குமரி மாவட்ட வீடுகளில் ஒரே பேச்சுதான். கவுன்சலிங்கில் எதை முதலில் போடுவது, நாகர்கோவில் பக்கத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியா? நான் தக்கலைக்காரி. ஆசாரிப்பள்ளம் கிடைக்கும் என்று தெரிந்தே திருநெல்வேலியை மேலே போட்டேன். இப்போது இறுதியாண்டு. அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

பொதுவானதை வேகமாய்ச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அரசுக் கல்லூரி. எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் அதே கேள்வித்தாள், அதே பட்டம், நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். குலசேகரத்துத் தனியார் கல்லூரியான மூகாம்பிகாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அரசு சீட் எட்டுகிற ரேங்க் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். இங்கே வருஷத்துக்குச் சில ஆயிரம், அங்கே அரசு ஒதுக்கீட்டிலேயே சில லட்சம். திருநெல்வேலி 1965-இல் வந்தது, ஆசாரிப்பள்ளம் 2001-இல். இந்த வயசு வித்தியாசத்தைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அனாடமி ஹாலில் நிற்கிறவனுக்குக் கட்டடத்தின் வயசால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆசாரிப்பள்ளத்தின் பலம் முதலில் வீடு. "பக்கத்துல இருந்தா வாரம் ஒருக்கா மீன்கறி கொண்டு தரலாம்லா மக்களே" என்று அம்மா கடைசி நாள் வரை சொல்லிப் பார்த்தாள். பாளையங்கோட்டை வெயிலில் மெஸ் சாம்பாரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா சொன்னது நியாயம்தான் என்று தோன்றும். நாகர்கோவில் வடசேரிக்கு நடுவில் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ் இருப்பதால் ஊருக்கு வருவது பெரிய பாடில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் வர முடியாது. அடுத்த பலம் கூட்டம் குறைவு. அங்கே 150 இடம், இங்கே 250. ஒரு கட்டிலைச் சுற்றி எங்கள் பேட்ச் நின்றால் பின்வரிசைக்குப் பேராசிரியரின் வழுக்கை மட்டும்தான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஐகிரவுண்டு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஆஸ்பத்திரி வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பது.

நம்மூர் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் பெரிய நோய் என்றால் இன்னும் பலர் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். இதயமோ மூளையோ என்றால் ஸ்ரீசித்ரா, புற்றுநோய் என்றால் ஆர்.சி.சி. எங்கள் வீட்டிலேயே தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, "இங்க வச்சிட்டு இருக்காண்டாம்" என்று மாமா அந்தப் பக்கம்தான் காரைத் திருப்பினார். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குத் தூரமும் அதிகமில்லை. கொஞ்சம் வசதி இருந்தால் நாகர்கோவிலிலேயே தனியார் ஆஸ்பத்திரிகள் வரிசையாய் இருக்கின்றன. நோயாளிக்கு இது நல்லதுதான். மாணவிக்கு அப்படியில்லை, புத்தகத்தில் படித்த நோய் கேரள எல்லையிலுள்ள பாறசாலை தாண்டிப் போய்விடுகிறது.

திருநெல்வேலியில் நேர்மாறு. தென்காசி தனி மாவட்டமான பிறகும் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சங்கரன்கோவில், கடையம், செங்கோட்டையிலிருந்து ரெஃபர் செய்தால் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். மத்திய அரசுத் திட்டத்தில் வந்த சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடமும் சேர்ந்ததால், இங்கிருந்து மேலே அனுப்புவது குறைவு.

ஓர் உதாரணம். மெடிசின் போஸ்டிங்கில் கடையம் பக்கத்து அக்கா ஒருவர், பீடி சுற்றுகிறவர், மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது இதய வால்வு ஒன்று சுருங்கிப்போன நோய். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெத்தின் கிண்ணம் போன்ற பெல் பக்கத்தை இதய நுனியான ஏபெக்ஸில் பட்டும் படாமலும் வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். பெல்லை அழுத்தினால் தோல் இறுகி, கீழ்ச்சுருதி ஒலி காணாமல் போகும். பி.ஜி. அண்ணன் என் மணிக்கட்டைத் தட்டித் தளர்த்திய பிறகுதான் அந்த மர்மர் என்கிற இதய இரைச்சல் பிடிபட்டது, நாலு தெரு தள்ளி லாரி உறுமுகிற மாதிரி. அடுத்தடுத்த மாதங்களில் அதே நோயோடு வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். ஒரு தடவை கேட்டால் நினைவு, திரும்பத் திரும்பக் கேட்டால்தான் காது பழகும். ஒரு நோயாளியை முழுதாய்ப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய லாங் கேஸ் தேர்வில் எக்ஸாமினர் முன்னால் நிற்கும்போது கைகொடுப்பது பழகிய காதுதான். கூட்டம் அதிகம் என்ற குறையும் இதில் பாதி கரைந்துவிடும். சாயங்காலம் தனியாக வார்டுக்குப் போனால் பார்க்க எப்போதும் கேஸ் இருக்கும்.

இது மெடிசினைப் பற்றி உறுதியாய்ச் சொல்வது. சர்ஜரி, பிரசவம் பற்றி அவ்வளவு உறுதியாய்ச் சொல்ல மாட்டேன், நான் இன்னும் ஹவுஸ் சர்ஜன் ஆகவில்லை. ஆசாரிப்பள்ளத்தில் படிக்கும் தோழி, அங்கே சீனியர்களுக்குப் பிரசவ வார்டில் கைவேலை தாராளமாய்க் கிடைக்கிறது என்கிறாள். இருக்கலாம், ஆள் குறைவு அல்லவா. பி.ஜி. நுழைவுத் தேர்வு கொள்குறி வகைதான், அதற்கு எங்கே படித்தாலும் தனியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

வீட்டில் முடியாதவர்கள் இருந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றால் ஆசாரிப்பள்ளத்தையே முதலில் போடுங்கள், நான் சொன்ன எதுவும் அதற்கு ஈடாகாது. அப்படி இல்லையென்றால் திருநெல்வேலி முதலில், ஆசாரிப்பள்ளம் இரண்டாவது. முதல் சுற்றில் ஆசாரிப்பள்ளமே வந்தால் முதலில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அடுத்த சுற்றில் மேலே நகர வழி உண்டா என்று அந்த வருஷத்து விதிமுறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.